விண்ணப்பம் போன பிறகு



இன்றைய பொருள் பார்வைக்குச் சிறியது. அமெரிக்கக் கல்லூரிக்கு ஒரு மாணவி விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். கட்டணம் கட்டியாயிற்று. கட்டுரை போயிற்று, ஆசிரியர் கடிதம் போயிற்று, மதிப்பெண் போயிற்று. இனி அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தோடு அவள் பேசலாமா, கூடாதா? பேசலாம் என்றால் எப்போது? எதைப் பற்றி? யார் பேசுவது, மகளா, அப்பாவா?

விண்ணப்பம் எழுதச் சொல்லித்தர இன்று ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். எந்தக் கல்லூரி நல்லது என்று சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜனவரி தொடக்கத்துக்கும் மார்ச் கடைசிக்கும் நடுவே கிடக்கும் மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. தவறுகள் நடப்பதும் அந்த மூன்று மாதத்தில்தான். நல்ல பிள்ளைகளின் நல்ல விண்ணப்பங்கள் ஒரு காகிதம் குறைந்ததால் தேங்கி நிற்பதும் அப்போதுதான். ஆகவே அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் தமிழ்க் குடும்பங்களிடம் உள்ள இரண்டு பழக்கங்களைப் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். அந்த எண்ணை வைத்துத் தரவரிசை, தரவரிசையை வைத்துக் கலந்தாய்வு. எந்த அலுவலகத்துக்கும் எழுதிப் பயனில்லை, எழுதவும் தேவையில்லை. இந்த முறையில் வளர்ந்த பிள்ளைக்கு, விண்ணப்பம் போட்டபின் அலுவலகத்துக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். பெரிய மனிதர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கி நிற்பான். ஒரு பழக்கம் இது.

இன்னொரு பழக்கம் இதற்கு நேர் எதிர். ஆள் பிடிப்பது. அங்கே வேலை பார்க்கும் பேராசிரியர் யாரையாவது தெரியுமா, அத்தையின் மருமகன் அந்த ஊரில்தானே இருக்கிறார், அவரை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமா என்று வீடே கிளம்பிவிடும். வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல் அப்பாவிடமிருந்து போகும்.

ஒதுங்கி நின்றவனும் நஷ்டப்படுகிறான், ஆள் பிடித்தவனும் நஷ்டப்படுகிறான். அலுவலகம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தால் எழுத வேண்டும், அதுவும் உடனே. அப்படி ஒரு வேலை இல்லையென்றால் எழுதக் கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கும் இதை நடைமுறையில் எப்படிப் பிரித்து அறிவது?

அதற்கு அந்த அலுவலகத்தின் சுமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1975-இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து ஒரே விண்ணப்பப் படிவத்தை உருவாக்கின. அதுதான் காமன் ஆப். இன்று 1,000-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. ஒரு மாணவன் ஒரே கணக்கிலிருந்து பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம் என்றானதும் விண்ணப்பங்கள் மலைபோலக் குவியத் தொடங்கின. காமன் ஆப்பில் இல்லாத கல்லூரிகளுக்கும் கூட்டம் குறைவில்லை. தனிப் படிவம் வைத்திருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்கு, முதலாண்டுச் சேர்க்கைக்கு மட்டும் ஓராண்டில் 1,40,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. "என் விண்ணப்பம் கிடைத்ததா?" என்று ஒவ்வொருவரும் ஒரு வரி கேட்டால் படிக்க வேண்டியவர்கள் எதைப் படிப்பார்கள்?

அதனால்தான் போர்ட்டல் வந்தது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த சில நாட்களில் கல்லூரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அதில் ஓர் இணைப்பு இருக்கும். கடவுச்சொல் அமைத்து உள்ளே போனால் ஒரு பட்டியல் தெரியும். டிரான்ஸ்கிரிப்ட் என்னும் பள்ளி மதிப்பெண் அறிக்கை வந்தது, ஆசிரியர் கடிதம் வந்தது, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் வரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்திருப்பார்கள். இந்த மின்னஞ்சல் பல நேரம் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுந்துவிடுகிறது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை ஸ்பாம் பெட்டியை எங்கே திறந்து பார்க்கப் போகிறான்? ஆனால் பார்த்தே ஆக வேண்டும்.

போர்ட்டலில் "வரவில்லை" என்று இருந்தால் அன்றே பதற வேண்டாம். கடைசித் தேதியை ஒட்டி வரும் காகிதங்களைக் கோப்பில் சேர்க்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகும் "வரவில்லை" என்றே நின்றால், எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஏன் வராமல் போகிறது? பள்ளி அனுப்பியிருக்கும். ரசீதும் இருக்கும். ஆனாலும் வராது. இதற்குத் தமிழர்களுக்கென்றே ஒரு தனிக் காரணம் உண்டு. அது நம் இனிஷியல்.

எடுத்துக்காட்டுக்குச் செந்தில் என்று ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் குமார். பள்ளிச் சான்றிதழில் அவன் "செந்தில் கு." பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராகி "செந்தில் குமார்." எஸ்ஏடி தேர்வுக்குப் பதிவு செய்தபோது "கே. செந்தில்." பெயர் மூன்று, பிள்ளை ஒருவன். இன்னும் சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யூ" என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள்.

கல்லூரியின் கணினிக்குத் தமிழ்ப் பெயர் முறை தெரியாது. பெயரும் பிறந்த தேதியும் மின்னஞ்சல் முகவரியும் ஒத்துப்போனால் காகிதத்தைச் சரியான கோப்பில் சேர்க்கும். ஒத்துப்போகாவிட்டால் சேராதவற்றின் குவியலில் போட்டுவிடும். யாராவது கையால் தேடி எடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். மதிப்பெண் சீட்டு கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், செந்திலின் கோப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

இப்போது செந்தில் எழுதலாமா? கட்டாயம் எழுத வேண்டும். என்ன எழுதுவது? விண்ணப்பத்தில் உள்ள முழுப் பெயர், விண்ணப்ப எண், பிறந்த தேதி. எந்தக் காகிதம், எந்தத் தேதியில், எந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து, எந்தப் பெயரில் அனுப்பப்பட்டது. மூன்று பெயரும் ஒருவருடையதே என்று ஒரு வரி. பாஸ்போர்ட்டின் நகல் தேவைப்பட்டால் அனுப்பத் தயார் என்று இன்னொரு வரி. நன்றி. அவ்வளவுதான். ஐந்தாறு வரிக்கு மேல் போகாத அந்தக் கடிதத்தைப் படிப்பவர், குவியலைத் தேடி, காகிதத்தை எடுத்து, கோப்பில் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

இதில் ஓர் எச்சரிக்கை. குறைந்திருப்பது டிரான்ஸ்கிரிப்ட் என்றால் மாணவன் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். பள்ளியின் முகவரியிலிருந்து, பள்ளிப் பொறுப்பாளரிடமிருந்து வர வேண்டும். நம் பள்ளிகள் பலவற்றில் கவுன்சலர் என்று தனியாக யாரும் இல்லை. வகுப்பாசிரியரோ தலைமையாசிரியரோதான் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறார். அவரிடம் போய் நின்று, பணிவாக, தேதி சொல்லிக் கேட்க வேண்டும். அரையாண்டுத் தேர்வுத் தாளும் திருப்புதல் தேர்வும் கையுமாக இருக்கும் ஆசிரியர், ஒரு மாணவனுக்காக மறுபடியும் கணினி முன் உட்காருவது சின்ன உதவி அல்ல.

காகிதம் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கு இவ்வளவு பேச்சா என்று யாராவது நினைக்கலாம். அவர்களுக்கு 2017-ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம். அந்த ஆண்டு அழைப்பை ஏற்ற மாணவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். சுமார் 6,250 பேருக்குத் திட்டமிட்டிருந்தார்கள். வருகிறோம் என்றவர்களோ 7,100 பேர். கல்லூரி திறக்க ஏறத்தாழ இரண்டு மாதமே இருக்கும்போது, 499 பேருக்குக் கொடுத்த இடத்தைப் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. அவர்களில் சுமார் 290 பேருக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? டிரான்ஸ்கிரிப்ட் உரிய தேதிக்குள், உரிய முறையில் வந்து சேரவில்லை என்பதுதான். மதிப்பெண் குறைந்ததாலும் அல்ல, ஒழுக்கக் குறைவாலும் அல்ல. காகிதம்!

அந்தப் பிள்ளைகள் மற்றக் கல்லூரிகளை எல்லாம் மே மாதமே வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்கள். எங்கே போவார்கள்? அனுப்பிவிட்டோம் என்று பலர் சொன்னார்கள். மேல்முறையீடு செய்தார்கள், ஊடகங்களிடம் பேசினார்கள், மனு கொடுத்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் வளாகத்தின் வேந்தர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டார். டிரான்ஸ்கிரிப்ட் காரணமாக நீக்கப்பட்டவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது.

நீதி கிடைத்தது என்று மகிழலாம். ஆனால் அந்த வாரங்களில் அந்த வீடுகளில் யார் தூங்கியிருப்பார்கள்? அனுப்பிய நாளின் ரசீதையும், போர்ட்டலில் "வந்தது" என்று காட்டிய பக்கத்தின் படத்தையும் எடுத்து வைத்திருந்தவர்களின் கை ஓங்கியே இருந்திருக்கும். கேட்டு உறுதி செய்துகொள்வதைத் தொந்தரவு என்று நினைக்கும் பிள்ளைகள் இந்த 290 பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அலுவலகங்களும் மனிதர்கள் நடத்துபவைதான், அவையும் தவறும். 2009 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம், இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும் போக வேண்டிய வரவேற்பு மின்னஞ்சலை விண்ணப்பித்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டது. மறுக்கப்பட்டிருந்த சுமார் 28,000 பேருக்கும் வாழ்த்து போயிற்று. பின்னாலேயே மன்னிப்பும் போயிற்று. வரும் செய்தி எதுவானாலும் போர்ட்டலில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, காகிதமெல்லாம் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுதக் காரணம் உண்டா?

உண்டு. விண்ணப்பத்தில் சொன்னது மாறினால் எழுத வேண்டும். ஒரு பாடத்தை விட்டுவிட்டாலோ, பள்ளி மாறினாலோ, முகவரி மாறினாலோ சொல்லியாக வேண்டும். மதிப்பெண் சரிந்தால்கூட மறைக்காமல் காரணத்தோடு சொல்லிவிடுவது மேல். சொல்லாமல் விட்டால் பின்னால் அது மறைத்த குற்றமாக வந்து நிற்கும். புதிதாகப் பெரிதாக ஏதாவது நடந்தாலும் எழுதலாம். மாநில அளவில் பரிசு, ஆய்வுக் கட்டுரை, குடும்பப் பொறுப்பில் பெரிய மாற்றம், இப்படி. பள்ளி ஆண்டுவிழாப் பேச்சுப்போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியதற்கு எழுத வேண்டாம்.

சில கல்லூரிகள் இதற்கென்றே வழி வைத்திருக்கின்றன. காமன் ஆப்பில் சேராமல் தனிப் படிவம் வைத்திருக்கும் எம்ஐடி, முடிவுக்குக் காத்திருக்கும் விண்ணப்பதாரர்கள் பிப்ரவரியில் நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தை வைத்திருக்கிறது. அரையாண்டு மதிப்பெண்ணும் அதன்பின் நடந்த புதுச் செய்திகளும் அதில் போகும். மற்றப் பல கல்லூரிகள் பள்ளியிடமிருந்து அரையாண்டு அறிக்கையைக் கேட்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ, கேட்காத கூடுதல் கடிதங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே எழுதுமுன் அந்தக் கல்லூரியின் தளத்தைப் படிக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு அனுப்பிய கடிதம், இந்த மாணவன் படிக்காமல் எழுதுபவன் என்றுதான் சொல்லும்.

அடுத்து, ஆசையைக் காட்டுவது பற்றி.

"எனக்கு உங்கள் கல்லூரிதான் வேண்டும்" என்று சொன்னால் பலன் உண்டா? பல கல்லூரிகளில் உண்டு, சிலவற்றில் இல்லவே இல்லை. இதை ஊகிக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பல, காமன் டேட்டா செட் என்ற அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை தருகிறார்கள் என்று குறித்திருக்கும். விண்ணப்பதாரரின் ஆர்வம் என்பதும் அங்கே ஒரு வரி. ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி போன்றவை அந்த வரியில் "கருதுவதில்லை" என்று குறிக்கின்றன. அங்கே ஆசையை அறிவித்து அனுப்பும் கடிதத்துக்கு எடை கிடையாது.

கருதும் கல்லூரிகள் ஏன் கருதுகின்றன? இடம் கொடுத்தும் வராமல் போகும் மாணவர்களால் அவர்களின் கணக்கு குழம்புகிறது என்பதால்தான். லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியர்டன், மேயர்ஹோஃபர் முதலிய பொருளியலாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியோடு தொடர்பு வைத்துக்கொண்ட விண்ணப்பதாரர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். அந்தப் பலன் அதிக மதிப்பெண் பெற்றவர்களிடம் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. கெட்டிக்காரப் பிள்ளை வேறு பெரிய இடத்துக்குப் போய்விடுவானோ என்ற ஐயம் கல்லூரிக்கு இருக்கிறது.

ஆனால் தொடர்பு என்றால் வாரம் ஒரு மின்னஞ்சல் என்று பொருளில்லை. போர்ட்டலைத் திறப்பதும், கல்லூரி அனுப்பும் மின்னஞ்சலைப் படிப்பதும், இணையவழிக் கூட்டத்தில் கலந்துகொள்வதும், நேர்காணலுக்கு அழைத்தால் போவதும் தொடர்புதான். ஸ்லேட் போன்ற சேர்க்கை மென்பொருள்களில் எந்த மின்னஞ்சல் திறக்கப்பட்டது என்பதுகூடப் பதிவாகும். ஒரு நல்ல கேள்வி இருந்தால் கேட்கலாம். தளத்தில் முதல் பக்கத்திலேயே விடை உள்ள கேள்வியைக் கேட்கக் கூடாது.

யாருக்கு எழுதுவது? பல கல்லூரிகளில் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஓர் அதிகாரி இருப்பார். இந்தியாவுக்கோ தெற்காசியாவுக்கோ யார் என்று தளத்திலேயே போட்டிருப்பார்கள். விண்ணப்பத்தை முதலில் படிப்பவரும் பெரும்பாலும் அவரே. பொது முகவரிக்கு எழுதுவதைவிட அவருக்கு எழுதுவது நல்லது. தொலைபேசியில்தான் பேச வேண்டும் என்றால் நேரத்தைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் நியூயார்க் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். கலிஃபோர்னியா பதின்மூன்றரை மணி நேரம் பின்னால்.

யார் எழுதுவது? பெற்றோர்கள் பொறுத்தருள வேண்டும். மாணவன்தான் எழுத வேண்டும். அன்பினால்தான் அப்பா எழுதுகிறார், அதில் ஐயமில்லை. ஆனால் அலுவலகத்தில் படிப்பவர், பதினேழு வயதுப் பிள்ளை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வானா என்றே யோசிப்பார். மகனின் முகவரியிலிருந்து அப்பா எழுதுவது அதைவிட மோசம். ஏஜென்டு எழுதுவதும் அப்படித்தான். பிழையிருந்தாலும் பிள்ளையின் ஆங்கிலம் பிள்ளையினுடையதாக இருக்கட்டும். பெற்றோர் பேச வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது பணம்.

பணத்துக்குத் தனி அலுவலகம் இருக்கிறது. நிதியுதவி பற்றிய கேள்வி சேர்க்கை அலுவலகத்துக்குப் போகக் கூடாது. நிதியுதவி அலுவலகத்துக்குப் போக வேண்டும். வேலை போய்விட்டது, பெரிய மருத்துவச் செலவு வந்துவிட்டது என்றால் சான்றுகளோடு எழுதினால் பரிசீலிப்பார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போது உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடம் கிடைத்தபின் வேண்டும் என்றால் பல கல்லூரிகள் நான்கு ஆண்டுக்கும் மறுத்துவிடும். அதை முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும்.

முடிவு வரும் காலம் மார்ச் கடைசி. இங்கே பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கும் அதே மாதம். இயற்பியல் தேர்வுக்கு முந்திய இரவு முடிவைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் அன்போடு கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முடிவு ஓடிவிடாது.

வெயிட்லிஸ்ட், அதாவது காத்திருப்போர் பட்டியல் என்று வந்தால்? அப்போது எழுதலாம், எழுத வேண்டும். காத்திருக்கச் சம்மதம் என்று முதலில் போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும். பின் ஒரே ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்குள். இடம் கிடைத்தால் மாணவன் கட்டாயம் வருவான் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லலாம்; உண்மையாக இருந்தால் மட்டும். ஒரே வாக்குறுதியை மூன்று கல்லூரிக்குக் கொடுக்கக் கூடாது. அதோடு, கையில் உள்ள ஓர் இடத்தை மே 1-க்குள் ஏற்று முன்பணம் கட்டிவிட வேண்டும். வெயிட்லிஸ்ட்டை நம்பி கையில் இருப்பதை விட்டவர்கள் ஆண்டையே இழக்க நேரிடும்.

கிடைத்த உதவித்தொகையே கைவிட்டுப் போனால்? 2018 ஏப்ரலில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டைலர் வளாகம், முழு உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருந்த 50-க்கும் மேற்பட்ட நேபாள மாணவர்களிடம், உதவித்தொகை இல்லை என்றது. மே 1 நெருங்கிவிட்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஆலோசகர்களிடம் போனார்கள், பல நாட்டு ஆலோசகர்கள் மற்றக் கல்லூரிகளிடம் பேசினார்கள். வேறு சில பல்கலைக்கழகங்கள் முன்வந்து இடமும் உதவியும் கொடுத்தன. கேட்டதால் கிடைத்தது. சென்னையிலும் அமெரிக்க அரசின் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கிறது. பணம் பிடுங்கும் ஏஜென்டிடம் போகுமுன் அங்கே ஒரு கேள்வி கேட்கலாமே!

கடைசியாக ஒரு கடிதம் இருக்கிறது. எழுதப்பட வேண்டியது, ஆனால் பெரும்பாலும் எழுதப்படாமலே போவது. இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று முன்கூட்டியே விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷனில் இடம் கிடைத்தவர்கள் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற்றாக வேண்டும்; அது கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு. மற்றவர்களும், ஒரு கல்லூரியை முடிவு செய்தபின் மீதிக் கல்லூரிகளுக்கு வரவில்லை என்று போர்ட்டலில் சொல்லிவிட வேண்டும். ஆறு கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளை ஐந்து கல்லூரியில் இடத்தைப் பிடித்துக்கொண்டே மே மாதம்வரை இருந்தால், அந்த ஐந்து இடத்துக்கும் வெயிட்லிஸ்ட்டில் யாரோ காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் இதே அரங்கில்கூட உட்கார்ந்திருக்கலாம். போகப் போவதில்லை என்று முடிவு செய்த அன்றே அந்த ஒரு வரியை அனுப்பிவிடுங்கள்.